மருந்தை விடும் வேளையில்

மருந்து உண்ணத் தொடங்குவதைப் பற்றி நம்மவர் நிரம்பப் பேசுவர். எந்த வைத்தியர் கைராசிக்காரர், எந்த மருந்துக்கு எது பத்தியம் என்றெல்லாம் சொல்லித் தர வீட்டுக்கு ஒருவர் இருப்பார். ஆனால் உண்டுவரும் மருந்தை எவ்வாறு விடுவது என்பதைப் பற்றி எவரும் பேச நான் கேட்டதில்லை. அதுவும் மனச்சோர்வுக்கான மருந்தென்றால், அதனை உண்பதையே மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கின்றது. விடும் விதத்தை யாரிடம் போய்க் கேட்பது? சகோதரிகளுள் யாருக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

என் கணவர் 2021 இல் காலமானார். அதன் பின்னர் சில மாதங்கள் நான் இருந்த இருப்பை விரித்துரைக்க மனமில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவளுக்குப் பத்திரிகையில் ஒரு பந்தியைப் படித்து முடிக்க இயலவில்லை. முற்றத்து மல்லிகை வாடி நிற்பதைக் கண்டும், அதற்கு ஒரு செம்பு நீர் வார்க்கத் தோன்றவில்லை. மகள்தான் மனநலக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றாள். செர்ட்ரலின் என்னும் குளிசை 50 மிலிகிராமில் தொடங்கி 100 ஆக உயர்ந்தது. சில வாரங்களில் உறக்கம் திரும்பியது, பின்பு பசி, அதன் பின்பு மல்லிகையின் நினைவும் வந்தது.

2022 இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, மகள் கடை கடையாக அலைந்து குளிசை வாங்கி வந்தாள். திடீரென்று நின்றுவிடக் கூடாது என்று வைத்திய அம்மையார் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

ஓராண்டுக்கு மேலாக நலமாக இருந்தபின், இனிக் குறைக்கலாமா என்று நான் கேட்டேன். அவர் உடனே இணங்கவில்லை. இது முதன்முறை வந்த நோயா, வீட்டில் வேறு கவலைகள் உண்டா என்றெல்லாம் விசாரித்தார். 2021 இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வையும் எடுத்துச் சொன்னார். பல காலம் மருந்துண்டு, இனி விடலாம் என்று எண்ணுமளவுக்கு நலமடைந்திருந்த 478 பேரை அவ்வாய்வில் சேர்த்திருந்தார்கள். ஓராண்டுக்குள், மருந்தைக் குறைத்து விட்டவர்களில் 56 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து உண்டவர்களில் 39 சதவீதத்தினருக்கு. அவர்களுட் பெரும்பாலோர் முன்னரே பலமுறை அந்நோயுற்றவர்கள். "உங்களுக்கு இது முதன்முறை, முயன்று பார்க்கலாம். ஆனால் எல்லோரும் விடவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை" என்றார். கணவரின் திவசம் அடுத்த மாதம் வருகின்றது என்று அறிந்ததும், அது கழியட்டும் என்று தள்ளிவைத்தார்.

என் மச்சாளுக்கோ இந்தத் தாமதம் பிடிக்கவில்லை. "நீ நன்றாகத்தானே இருக்கிறாய்? குளிசையைக் கிணற்றடியில் கொட்டிவிடு, மனந்தான் மருந்து" என்பார். அன்பினால் சொன்னதுதான். பின்னர் சற்று இறங்கி வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டால் என்ன என்றார். அதனையும் வைத்தியர் மறுத்தார். இம்மருந்து ஏறத்தாழ ஒரு நாளிலேயே இரத்தத்தில் பாதியாகிவிடுமாம். இடைவிட்டு உண்டால் உடல் ஊஞ்சலில் வைத்ததுபோல ஏறியிறங்கும்.

அவர் வகுத்த முறை வேறு. நான்கு வாரத்துக்கு ஒரு படி. 100 இலிருந்து 75, அதிலிருந்து 50. இவ்விரு படிகளிலும் எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று இறுமாந்திருந்தேன். வைத்தியர் சிரித்துக்கொண்டு, "ஐந்து கரண்டிச் சீனி போட்ட தேநீரில் ஒரு கரண்டி குறைந்தால் நாக்குக்குத் தெரியாது, கடைசிக் கரண்டியை எடுக்கும்போதுதான் தெரியும்" என்றார். இலண்டனில் ஆராய்ச்சி செய்த மார்க் ஹொறோவிற்ஸ், டேவிட் டெயிலர் என்னும் இருவர் 2019 இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவேயாம். சிறிய அளவு மருந்தே மூளையில் பெரும்பங்கு வேலையைச் செய்துவிடுகின்றது. ஆகவே அளவு இறங்க இறங்க, படியும் சிறுத்துக்கொண்டு போகவேண்டும்.

சொன்னபடியே நடந்தது. 25 இலிருந்து 12.5 க்கு இறங்கிய நான்காம் நாள், தலையைத் திருப்பினால் கண்ணுக்குப் பின்னால் மின்சாரம் சுண்டியதுபோல ஓர் அதிர்வு. இரவெல்லாம் குழம்பிய கனவுகள். சோறு அடிப்பிடித்ததற்காக அடுப்படியில் நின்று விம்மி விம்மி அழுதேன். நோய் திரும்பிவிட்டது என்று நெஞ்சு நடுங்கியது. பழைய இருட்டை அறிந்தவர்களுக்கே அந்த அச்சத்தின் கனம் விளங்கும்.

மகள் ஒரு கொப்பியில் நாள்தோறும் என் உறக்கம், உணவு, தலைச்சுற்று, மனநிலை யாவற்றையும் குறித்து வந்தாள். அதனைப் பார்த்த வைத்தியர் இரண்டு கேள்விகள்தாம் கேட்டார். "எப்போது தொடங்கிற்று? மல்லிகைக்கு நீர் வார்க்கிறீர்களா?" வார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அளவைக் குறைத்த சில நாட்களுக்குள், தலைச்சுற்றும் அதிர்வும் சேர்ந்து வருவது பெரும்பாலும் உடல் மருந்தின்மைக்குப் பழகும் வேதனை. நோய் திரும்புவதாயின் அது பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும், அதில் விருப்பங்கள் ஒவ்வொன்றாக அவியும் என்று விளக்கினார். மீண்டும் 25 க்கே ஏற்றி, ஆறு வாரம் அங்கேயே நிறுத்தினார். தோற்றுவிட்டேனோ என்று கேட்டேன். "பரீட்சையா எழுதுகிறீர்கள்?" என்றார்.

அதன்பின் 25 மிலிகிராம் குளிசையை வெட்டுங்கருவியால் நான்காக வெட்டி, முக்கால், அரை, கால் என்று இறங்கினோம். கால் துண்டிலேயே இரண்டு மாதம் நின்றோம். இது எனக்கென எழுதப்பட்ட கணக்கு. வேறு குளிசைகளுக்கு வேறு கணக்கு. சிலவற்றை வெட்டவே கூடாது. புளுஒக்செற்றின் என்னும் மருந்து உடலில் பல நாட்கள் தங்கக்கூடியது. வென்லாபக்சினோ விரைவில் நீங்கிவிடும். அயல்வீட்டாரின் சிட்டையைப் பார்த்துத் தம் குளிசையை எவரும் வெட்டவேண்டாம்.

இன்னொன்றும் வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உயிரை வெறுக்கும் எண்ணம் தலைகாட்டினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அன்றே வரவேண்டும். இரவாயின் 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசவேண்டும். மகள் அவ்விலக்கத்தைக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்தாள். எனக்கு அது தேவைப்படவில்லை. எழுதியிருந்தது ஆறுதலாக இருந்தது.

கடைசித் துண்டை உண்டு எட்டு மாதமாகின்றது. அழுகை சில வேளைகளில் வருகின்றது. அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது வராமலா இருக்கும்? மச்சாள் இன்னமும், "நான் சொன்னபடி அன்றே விட்டிருந்தால் ஒரு வருடம் மிச்சமாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறேன். மருந்து எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்றாலும், வைத்தியர் கொப்பியைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டே அனுப்புகின்றார்.