முட்டக்கண்ணு

மேலூர் பக்கம் எங்க சேரி. அக்கா மகளை ஊரே 'முட்டக்கண்ணு' என்றுதான் கூப்பிடும். கிரகணத்துல அக்கா வெளிய வந்ததால வந்த வினையாம். அன்னைக்கும் அக்கா அவுங்க வயல்லதான் நாத்து நட்டுக்கிட்டிருந்தா.

மூளை வளர இடம்விட்டு, பிள்ளையின் மண்டையோட்டு எலும்புகள் ஒட்டாமல் இருக்க வேண்டும். ஏறத்தாழ 2,000 - 2,500 பிறப்புக்கு ஒன்றில் அவை முன்கூட்டியே ஒட்டிக்கொள்கின்றன. 1912இல் க்ரூசோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த வகையில் கண்குழியும் ஆழமில்லாமல் போகிறது. விழி பிதுங்கி, இமை சரியாக மூடாமல் கருவிழி காய்ந்து புண்ணாகிறது. மாறுகண்ணும் வரும். இவை வெளியே தெரிகிறவை. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பு சத்தமில்லாமல் சாகும். மூலம் ஒரு மரபணு மாற்றம். கிரகணம் எங்கே வந்தது?

பள்ளிக்கூடத்தில் பின்வரிசை. "காலனிப் புள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்றார் வாத்தியார். போர்டு தெரியுதான்னு ஒருத்தரும் கேக்கல. ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடி எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள்; நரம்பைப் பார்க்கவில்லை.

கண்ணுக்கு மதுரையில் அரவிந்த் உண்டு, 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. காசில்லாதவருக்கும் வைத்தியம் பார்க்கிறது. இந்த நோய்க்குக் கண் வைத்தியர் மட்டும் போதாது. மண்டையோட்டை விரிக்கும் அறுவையும் வேண்டும், பெரும்பாலும் முதல் வயதையொட்டி. எங்க பிள்ளைக்கு ஆறு வயதில்தான் நடந்தது. இடது கண் போனது போனதுதான். அவள் புத்தியில் ஒரு குறையுமில்லை.

பிள்ளையின் தலையோ விழியோ வித்தியாசமாகத் தெரிந்தால் பட்டப்பேர் தேடாதீர்கள் தோழர்களே. தூக்கிக்கொண்டு போங்கள். "பார்வை நரம்பைப் பாருங்க" என்று கேளுங்கள், அதட்டினாலும் கேளுங்கள்.