பாய் இறங்கும் ஏரி

வரதய்யபாளையத்தில் வந்து இறங்கும் சென்னை இளைஞர்கள் பெரும்பாலும் மலைப் பக்கம்தான் திரும்புகிறார்கள். தடா அருவி என்று சென்னையில் பெயர் பெற்ற உப்பலமடுகுவுக்கு வழி அதுதான். எதிர்த் திசையில், கிழக்கே தடாவைத் தாண்டிப் போனால் ஒரு நீண்ட பாய்மரப் பயணத்தின் கடைசி நாட்களைப் பார்க்கலாம். தீவுகளுக்கு இடையே நடக்கும் அந்தப் பயணம் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன.

இடம், பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி தமிழ்நாட்டில். வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. ஏரிக்குள் இரக்கம், வேநாடு போன்ற தீவுகள். இரக்கத்துக்குப் போக பீமுலவாரிபாளையம் துறையில் படகு ஏற வேண்டும். ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும், தீவில் காதில் விழுவது தமிழ்தான்.

இந்தக் கரைக்கு வராத பாய்மரம் இல்லை. 1609-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். வடக்கே துகராஜபட்டினத்தில் 1626-ல் ஆங்கிலேயர் கடை விரித்தார்கள். அங்கே வியாபாரம் சரிப்படவில்லை. 1639-ல் தெற்கே வேறு இடம் தேடிய பிரான்சிஸ் டேயின் கண்ணில் பட்ட மணல்வெளிதான் பின்னாளில் சென்னை ஆயிற்று. அந்தச் சென்னையின் அடுப்புகளுக்கு ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் போனது. காற்று அடித்தால் பாய். அடிக்காவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுக்கும் ஆட்கள்.

ரயிலும் லாரியும் அந்தச் சரக்கை வாங்கிக்கொண்டன. புயல்கள் கால்வாயைத் தூர்த்தன. 1969-ல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்குத் தேர்வானது. 1971 அக்டோபர் 9-ல் முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே குடியிருந்தவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். விண்வெளிக்கு வழி திறந்த தீவில், விறகுப் படகுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இன்று பயணிகள் படகில் இன்ஜின் உறுமுகிறது. மீன்பிடிப் படகுகளில் சிலவற்றில்தான் பாய் ஏறுகிறது. அடி தட்டையான அந்தப் படகுகளுக்கு முழங்காலளவு தண்ணீர் போதும். காற்று விழுந்தால் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுகிறார்கள். வாடையா, கொண்டலா, கச்சானா என்று பார்த்துப் பாயைத் திருப்பும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

அதற்காகத் தீவுக்காரர்கள் கண்ணீர் விடப்போவதில்லை. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தவளைக் கரை சேர்க்கக் காற்றுக்காகக் காத்திருக்க முடியுமா? அவர்கள் வெகுகாலமாகக் கேட்பது பாலம். தண்ணீர்ப் பயணம் எப்போதும் இனிமையானதல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இதே ஏரியின் தமிழகப் பக்கம் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். பாய்மரத்தை ரசிப்பது சுற்றுலாப் பயணிக்குச் சுலபம். அவர் மாலையில் வீடு திரும்பிவிடுவார்.

உண்மையான கவலை வேறு. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் கொண்டு வருகின்றன, கூடவே வண்டலும். கடல் நீர் வந்துபோகும் முகத்துவாரங்களை மணல் அடைக்கிறது. கோடையில் ஏரியின் வட பகுதி பல இடங்களில் வெடித்த நிலமாகிவிடுகிறது. இறாலும் மீனும் குறைய, இருக்கும் தண்ணீரில் யாருக்கு எதுவரை உரிமை என்று இரு மாநில மீனவர்களும் மோதிக்கொள்கிறார்கள்.

எனவே, போக நினைப்பவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுவது நல்லது. அப்போது ஏரி நிறைந்திருக்கும். பூநாரைகள் செந்நிறக் கோடு போட்டு நிற்கும். நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். 2025 ஜனவரியில் ஆந்திர அரசு பூநாரைத் திருவிழா நடத்தியது. அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் ஒரு பாயும் தெரியலாம்.

பாய் போனால் இன்ஜின் வரும். இன்ஜின் போனால் பாலம் வரும். தண்ணீர் போனால் மட்டும் மாற்று எதுவும் இல்லை. ஏரி இருக்கும்வரைதான் இரக்கம் ஒரு தீவு.