அத்தா கேட்ட கேள்வி

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு மாலைப் பொழுது. அஸர் தொழுதுவிட்டு அம்பத்தூரிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். சட்டைப் பையிலிருந்த இரத்தப் பரிசோதனைத் தாளை, அத்தாவின் கண்ணில் படாமல் பீரோவில் துணிகளுக்கு அடியில் மறைத்து வைத்தேன்.

அத்தாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அது கல்லீரலுக்கும் பரவிவிட்டதாக மே மாதம்தான் தெரிய வந்திருந்தது. கீமோதெரபி தொடங்குமுன் 48 ஆக இருந்த சி.இ.ஏ. அளவு, ஐந்து வாரங்களுக்குப் பின் 71 ஆகிவிட்டது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் பொதுவாக 5 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது அது.

"மருந்து பலிக்கவில்லை. அண்ணனை வதைத்தது போதும், நாட்டு வைத்தியம் பார்ப்போம்" என்றார் சாச்சா. அம்மா அழுதார்கள். நானும் இசைந்தேன். அடுத்த கீமோவுக்குப் போவதில்லை என்று எங்களுக்குள் முடிவாயிற்று.

இஷாவுக்குப் பிறகு அத்தா என்னை அழைத்தார்கள். "என் இரத்தத்தைப் பற்றிய தாளை என்னிடமே மறைக்கலாமா, தம்பி? டாக்டரிடம் கேட்டீர்களா? நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்களா?"

தலைகுனிந்து நின்றேன். மறுநாள் காலை இருவரும் ரயிலேறிச் சென்ட்ரல் போய், அங்கிருந்து மருத்துவமனையை அடைந்தோம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சி.இ.ஏ. என்பது ஒரு புரதம். கருவிலிருக்கும் குழந்தையின் குடலில் மிகுதியாக இருந்து, பிறந்தபின் பெரும்பாலும் அடங்கிவிடும். பெருங்குடல் புற்றுநோயில் அது மீண்டும் தலைகாட்டுவதைக் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்னும் இருவர் 1965இல் கண்டறிந்தனர். புதிய சிகிச்சை தொடங்கிய முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில், குறிப்பாக ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து பெறுவோருக்கு, இந்த அளவு தற்காலிகமாக உயர்வதுண்டு. அத்தா பெற்றதும் அதே மருந்துதான். "ஒரே ஓர் எண்ணை வைத்து மருந்தை நிறுத்தக் கூடாது. பொறுத்திருந்து, ஸ்கேனையும் சேர்த்துப் பார்ப்போம்" என்றார்.

சிகிச்சை தொடர்ந்தது. அளவு 29 ஆயிற்று, பிறகு 11. ஸ்கேனிலும் கட்டிகள் சுருங்கியிருந்தன. அல்ஹம்துலில்லாஹ்! மறு ஆண்டின் இறுதியில் அடுத்தடுத்து இரு முறை அளவு ஏறியபோது, அது உண்மையான எச்சரிக்கையாக இருந்தது. ஸ்கேன் அதை உறுதி செய்தது, மருந்தை மாற்றினார்கள். தங்கையின் நிக்காஹையும் மேலும் இரண்டு ரமலான்களையும் கண்டுவிட்டு, 2024 இறுதியில் அத்தா வஃபாத்தானார்கள். அன்று நாங்கள் சிகிச்சையைக் கைவிட்டிருந்தால், அந்த நாட்கள் கிடைத்திருக்குமா என்று நினைக்கையில் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

இந்நிலையில் இருக்கும் குடும்பத்தாருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சி.இ.ஏ. ஒரு கைகாட்டி மட்டுமே. புகைபிடிப்போருக்கும், கல்லீரல் நோய், குடல் அழற்சி உள்ளோருக்கும் புற்றுநோய் இன்றியே அது கூடலாம். சிலருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தும் கூடாதிருக்கலாம். ஆகவே நலமாயிருப்பவர் நோயைக் கண்டறிய இதை நம்பியிருக்க முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் முறை மாறுவதால் எண்ணும் மாறும். இயன்றவரை ஒரே இடத்தில் எடுப்பது நன்று. பழைய தாள்களைத் தேதிவாரியாகச் சேர்த்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். நோயாளியிடம் மறைக்காதீர்கள்.

மருத்துவம் செய்து கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் பணித்திருக்கிறார்கள். முயற்சி நம்முடையது, ஆயுளின் கணக்கோ அல்லாஹ்விடம் இருக்கிறது. ஒரு தாளிலுள்ள எண்ணை அந்தக் கணக்கென்று எண்ணி நாங்கள் மயங்கினோம். நீங்கள் மயங்க வேண்டாம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.