மேடையில் வாசித்தது

அக்காவுக்கு மார்பில் புற்று என்று உறுதியான வாரத்தில் வீடே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது: "புது மருந்து ஒண்ணு இருக்காம், போன மாசம் பெரிய மாநாட்டுல வாசிச்சாங்களாம்." மருத்துவர் சொன்னதாக அத்தான் சொன்னார்.

கருத்தரங்கு எனக்குத் தெரியும். பத்து நிமிடம், கைத்தட்டல், சான்றிதழ். முடியாத ஆய்வை முடிந்ததுபோல் நானே வாசித்திருக்கிறேன். மருத்துவத்தில் அப்படியிருக்காது என்றுதான் நினைத்தேன். தேடிப் படித்தபோது அட்லாண்டா தட்டுப்பட்டது.

மார்பகப் புற்றுக்கு மிக அதிக அளவில் கீமோதெரபி கொடுத்து, அதில் அழியும் எலும்பு மஜ்ஜையை ஈடுகட்ட, முன்பே எடுத்துவைத்த ஸ்டெம் செல்களை அந்தப் பெண்ணுக்கே திரும்பச் செலுத்தும் சிகிச்சை ஒன்று இருந்தது. 1990களில் அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்கள் அதற்கு உட்பட்டார்கள். 1999 மே மாதம் அட்லாண்டாவில் புற்றுநோய் மருத்துவர்களின் மாநாட்டில் அதன் சோதனை முடிவுகள் வாசிக்கப்பட்டன. மற்றவை தெளிவான பலன் எதையும் காட்டவில்லை. ஜோகன்னஸ்பர்க் மருத்துவர் வெர்னர் பெஸ்வோடா மட்டும் பெரும் வெற்றி என்றார். 2000 ஜனவரியில் அமெரிக்கக் குழு ஒன்று அங்கே போய்க் கோப்புகளைக் கேட்டது. அவர் சொன்ன 154 பெண்களில் பெரும்பகுதியினருக்குக் கோப்பே கிடைக்கவில்லை. வழக்கமான மருந்து பெற்றதாகச் சொன்ன ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒன்றுகூட இல்லை. பெண்களின் ஒப்புதல் கையெழுத்தும் இல்லை. உண்மையைத் திரித்ததை அவரே ஒப்புக்கொண்டார்.

கையெழுத்து இல்லை என்ற வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவேயில்லையா?

எல்லோரும் பொய் சொல்வதில்லை. ஆனால் மேடையில் கேட்பது சுருக்கம்தான். மாநாடுகளில் வாசிக்கப்படும் மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களில் 100க்கு 37தான் முழுக் கட்டுரையாக வெளிவருகின்றன என்கிறது காக்ரேன் அமைப்பின் 2018 ஆய்வு. நல்ல முடிவு சொல்பவையே அதிகம் அச்சேறுகின்றன. மற்றவை நம் கண்ணுக்கு வருவதில்லை.

அடுத்த முறை நோட்டுப் புத்தகத்தோடு போனேன். எத்தனை பெண்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? கட்டி சுருங்கியதா, ஆயுள் கூடியதா? முழுக் கட்டுரை வந்துவிட்டதா? தமிழ் டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்பதுபோல் அத்தான் பார்த்தார். மருத்துவர் கோபப்படவில்லை. "சுருக்கம் மட்டும்தாம்மா வந்திருக்கு," என்றார்.

"அப்போ இப்போதைக்கு வழக்கமான மருந்தே போடுங்க டாக்டர்," என்றாள் அக்கா. ஒப்புதல் படிவம் வந்தது. அத்தான் பேனாவை நீட்டினார். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். மூன்று பக்கத்தையும் படித்து முடித்த பிறகுதான் பேனாவை வாங்கினாள்.