ஆண்டிபட்டியில் ஒரு டிக் டிக்

மதுரையிலிருந்து பஸ் உசிலம்பட்டி தாண்டி, கணவாயில் முக்கி ஏறி இறங்கினால் ஆண்டிபட்டி. டீக்கடைப் பெரியவர் என் கையைப் பார்த்து, "வெளிநாட்டு வாட்ச்சா தம்பி?" என்றார்.

"எச்.எம்.டி.ங்கய்யா!"

1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறினார்கள். அந்தப் பெருமையில் ரோலெக்ஸ் 'எக்ஸ்ப்ளோரர்' வந்தது. 1969-ல் ஆல்ட்ரின் ஒமேகா கட்டி நிலாவில் நடந்தார். இன்றும் அதைச் சொல்லியே லட்சங்களில் விற்கிறார்கள். வாங்கிக் கட்டுகிறவர் ஏறுவதென்னவோ லிஃப்ட்தான்!

இதைச் சொன்னேன். பெரியவர் சிரித்தார்.

"1984-ல எம்.ஜி.ஆர். அமெரிக்கா ஆஸ்பத்திரியில. ஓட்டுக் கேட்டு வராமலே இங்க ஜெயிச்சாரு. 1987-ல போயிட்டாரு. மெரினா சமாதியில காது வெச்சேன் தம்பி, வாட்ச் ஓடுது!"

நான் வாதாடவில்லை. மலை ஏறாத, நிலா பார்க்காத அந்த வாட்ச்சுக்கு இன்னும் சாவி கொடுப்பது இந்த ஊர்தானே!