கம்பி சொன்ன கணக்கு

மோட்டார் கார் விஷயத்தில் என் ஞானம், எந்தக் கதவைத் திறந்து ஏறுவது என்பதோடு முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நான், அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் என் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை முழுவதும் அவனுடைய கார்க் கொட்டகையில் டார்ச் விளக்கும் கையுமாக நின்றேன்.

நான் ஊரிலிருந்து கிளம்பும்போது தங்கை ஒரு புகாரைக் கட்டிக் கொடுத்திருந்தாள். “அம்மா என்று ஒருத்தி இருப்பதே அவனுக்கு ஞாபகம் இல்லை, அண்ணா. ஒரு டெலிபோன் உண்டா, ஒன்று உண்டா? நீங்களாவது கேளுங்கள்.” கேட்கச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனோ காரைத் தவிர வேறெதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கார், 1970-ஆம் வருஷத்து ஷெவர்லே நோவா. மருமகனைவிட வயதில் மூத்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த முதல் பணத்தில் வாங்கினானாம். அவன் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர் “மூத்தாள்.”

எஞ்சினுக்கு எட்டு சிலிண்டர்கள், பக்கத்துக்கு நான்கு. கம்பெனியில் பொருத்தி வருகிற வார்ப்பிரும்பு மானிபோல்டில், ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே குறுகிய வழியில் வெளியேற வேண்டும். பந்தி முடிந்த கூட்டமெல்லாம் கல்யாண வீட்டின் ஒற்றைக் கதவில் முண்டுவது மாதிரி. மருமகன் அதைக் கழற்றிவிட்டு, ‘ஹெடர்’ என்ற குழாய்க் கற்றையைப் பொருத்தினான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். நான்கும் கொஞ்ச தூரம் தனித்தனியே போய், அப்புறம்தான் ஒன்று சேரும். முன்னால் போகிற புகையின் வேகம் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகுமாம். எஞ்சினுக்கு மூச்சு தாராளமாகும்.

வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தால், பழைய ஆள் ஒருவர் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும். இங்கே நகர வேண்டியிருந்தது, ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியின் குழாய். எஞ்சினின் இடப் பக்கத்தில், ஆயில் தொட்டிக்குச் சற்று மேலே ஒரு துளை. அதில் மெல்லிய குழாய் ஒன்று இறுக்கமாகச் செருகியிருக்கிறது. கம்பி அதற்குள் இறங்கி, அதன் தலை குழாயின் வாயில் தட்டி நிற்கும். 1980-லிருந்து இந்த வகை எஞ்சினில் துளையை வலப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்களாம். ஆகவே குழாய் வாங்கப் போகிறவன், கார் எந்த வருஷம் என்பதைவிட எஞ்சின் எந்த வருஷம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பழைய குழாய்க்கு மானிபோல்டின் போல்ட் ஒன்றுதான் பிடிமானம். அது போயிற்று. போதாததற்குப் புதுக் குழாய்களில் இரண்டு, அதன் வழியிலேயே குறுக்கே வந்தன. ஹெடரோடு வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மருமகன் ஹெடரை முழுவதும் இறுக்கிய பிறகு, இருந்த இடுக்கில் குழாயை நுழைத்து அமுக்கினான். “இறங்கிடுச்சு மாமா!” என்றான்.

பில்டரை மாற்றி, ஐந்து குவார்ட் ஆயில் ஊற்றினான். நம் கணக்கில் ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எஞ்சினை ஓட்டி நிறுத்தி, ஆயில் கீழே வடியும்வரை பொறுத்திருந்து கம்பியை இழுத்துப் பார்த்தான்.

“ஒரு குவார்ட் குறையுது” என்று ஆறாவது டப்பாவைத் திறந்தான்.

“எத்தனை ஊத்தினே?”

“அஞ்சு.”

“புஸ்தகத்திலே எத்தனை போட்டிருக்கு?”

“அஞ்சுதான். பழைய எஞ்சின் மாமா, முன்னே பின்னே இருக்கும். கம்பி பொய் சொல்லாது.”

அவனுக்கு அவசரம். மறுநாள் காலையில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு இருநூறு மைல் போக வேண்டும்.

எனக்கு எங்கள் ஊர் நெல் வியாபாரி ஒருவர் ஞாபகம் வந்தார். படி நல்ல படிதான்; சர்க்கார் முத்திரைகூட உண்டு. உள்ளே அடியில்தான் மெழுகு அப்பியிருக்கும். “படியைப் பார்க்காதே, அடியைப் பார்” என்பாள் என் பாட்டி.

“கம்பி பொய் சொல்லாதுதான். அது நிற்கிற இடம் சரியா இருக்கா?” என்றேன்.

டார்ச்சை வாங்கிக்கொண்டு கீழே போனவன் வெகுநேரம் பேசவில்லை. குழாயின் கழுத்தில் ஒரு வளையம் உண்டு. அது எஞ்சினைத் தொட்டு உட்கார வேண்டும். அரை அங்குலம் மேலேயே நின்றுகொண்டிருந்தது. ஹெடர் அதைத் தள்ளிப் பிடித்திருந்தது. குழாய் உயர்ந்ததால் கம்பியும் உயர்ந்தது. தொட்டியில் ஆயில் நிறைந்திருக்க, குறைவு என்று சொல்லியது. போதாக்குறைக்கு, இறுகாத துளையிலிருந்து ஆயில் கசியவும் ஆரம்பித்திருந்தது. அடுத்தாற்போல் இருப்பது, நெருப்பாய்க் கொதிக்கும் புகைக் குழாய்.

ஒரு குவார்ட் அதிகமானால் எஞ்சின் அன்றைக்கே செத்துவிடாது. ஆனால் அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஷாப்ட் ஆயிலைத் தொட்டு, தயிர் கடைவது போல் நுரையாக்கிவிடும். நுரையால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

மறுபடியும் ஹெடரைத் தளர்த்தி விலக்கினான். குழாயை எடுத்து, ஒரு மரக்கட்டையின் வளைவில் வைத்து, நசுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தான். வளைத்தாலும் நீளம் மாறவில்லை. ஆகவே கம்பியின் கணக்கும் மாறாது. அடி நுனியைத் துடைத்து, கசிவை அடைக்கும் பசை தடவி, வளையத்தின்மேல் ஸ்பானரின் வாயை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டினான். இந்தத் தடவை வளையம் உட்கார்ந்தது. அப்புறம்தான் ஹெடர். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டான். ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் ஓடும்போது ஆடுமல்லவா? ஹெடரின் போல்ட் ஒன்றில் தகட்டுத் துண்டு கொடுத்துக் குழாயைப் பிடித்துக் கட்டினான்.

எஞ்சினை ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்துக் கம்பியைத் துடைத்து விட்டு எடுத்தான். ஆயில் மேல் கோட்டில் நின்றது. ஆறாவது டப்பாவை மூடி வைத்தான்.

கை கழுவும்போது மணி எட்டரை. டெலிபோனை எடுத்து எண்களை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு வைத்துவிட்டான்.

“யாருக்குடா?”

“அம்மாவுக்குத்தான். சனிக்கிழமை தவறாம இந்த நேரத்துக்குப் பண்றேன். எடுக்கவே மாட்டேங்கறாங்க. என் மேலே கோபமோ என்னவோ.”

அவன் எட்டரை, நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. அந்த நேரத்தில் என் தங்கை கோயிலில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருப்பாள். இது எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

கேட்க வைத்திருந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு, “ஒரு மணி நேரம் கழித்துப் பண்ணிப் பாரேன்” என்றேன்.