மேட்டர் எழுதும் மேசை

கல்யாணப் பத்திரிகையில் அச்சேறும் ஒவ்வொரு வரிக்கும் அதைத் தேடிப் படிக்கிற ஓர் ஆள் இருக்க வேண்டும். அச்சகத்தில் மேட்டர் எழுதும் மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். முகூர்த்தம் எந்த லக்னத்தில், எத்தனை மணிக்குள் என்று பார்ப்பவர் பாட்டி. மண்டபம் எந்த ரோட்டில் என்று பார்ப்பவர் வேன் ஓட்டுகிறவர். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் தாய்மாமன். யாருமே தேடாத வரியை எடுத்துவிடலாம். தேடுகிற ஆள் இருந்தும் வரி இல்லாமல் போனால், அந்த வீட்டில் அது பல வருஷம் பேசப்படும்.

நாள் நட்சத்திர வாக்கியத்தைச் சுருக்கச் சொல்லி இளையவர்கள் கேட்பார்கள். “நிகழும் மங்களகரமான” என்று தொடங்கித் தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் என்று நீளும் அந்த ஒற்றை வாக்கியத்தைக் காப்பாற்றவே நான் பார்ப்பேன். அதைத் தேடுகிற கண்கள் இன்னும் இருக்கின்றன. ஜோசியர் குறித்துத் தந்த சீட்டில் உள்ளது அப்படியே மேட்டருக்கு வர வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதியும் நட்சத்திரமும் முடிகிற நேரம் வேறுபடும். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து நாமாகத் திருத்தக் கூடாது. வருடத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். 2025 சித்திரை முதல் நாளில் குரோதி போய் விசுவாவசு வந்தது. 2026 சித்திரையில் பராபவ. மாசியில் அடித்த பத்திரிகையின் ஃபைலைத் திறந்து வைகாசிக் கல்யாணத்துக்கு மாற்றும்போது மாதமும் தேதியும் மாறிவிடும், வருடம் மட்டும் பழையதாகவே நின்றுவிடும்.

விடிகாலை முகூர்த்தத்துக்கு இன்னொரு வரி கட்டாயம். 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள், ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் போட்டால், வெளியூர்க்காரர் சிலர் ஞாயிறு ராத்திரிதான் பஸ் ஏறுவார்கள். “சனிக்கிழமை இரவு விடிந்தால் ஞாயிறு” என்று சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை. வரவேற்பு முந்தின நாள் மாலை என்றால் அதை முகூர்த்தத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒளிக்காமல், அதே அளவில், கிழமையோடு போட வேண்டும்.

நிக்காஹ் பத்திரிகையில் ஹிஜ்ரி தேதியைத் தேடுவார்கள். தேவாலயக் கல்யாணத்தில் மணவிழாவை நடத்தும் குருவானவரின் பெயரைத் தேடுவார்கள். வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா அழைப்பில் நட்சத்திரமும் லக்னமும் இருக்காது. தலைமை தாங்குபவர், வாழ்த்திப் பேசுபவர்கள் பெயர்கள்தான் அங்கே முக்கியம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சட்ட ஏற்பு தந்தது. அந்த அழைப்புகளின் நடையில் அதற்கு முன்பிருந்தே ஒரு தெளிவு உண்டு. எனக்கு அவை மிகவும் பிடிக்கும்.

மண்டபத்தின் பெயரை மட்டும் போட்டால் போதாது. எந்தப் பஸ் ஸ்டாப், எந்தக் கோயிலுக்கு எதிரில் என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். இப்போது கியூஆர் கோடும் கேட்கிறார்கள், நல்லதுதான். ஆனால் தங்க ஃபாயிலில் அதை அச்சிடச் சொன்னால் நான் சம்மதிப்பதில்லை. வெளிச்சம் பட்டு மினுங்கும் ஃபாயிலைப் போன் கேமரா படிக்கத் திணறும். வெளிர் தாளில் அடர் நிறத்தில், இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெற்றிடம் விட்டு அடிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சில இணைப்புகள் சில நாளில் காலாவதியாகிவிடும். மேப்பின் நேரடி இணைப்பையே எடுக்க வேண்டும்.

பெயர்களுக்குத்தான் மேசையில் அதிக நேரம் போகும். தாத்தா பாட்டி, பெற்றோர், தாய்மாமன்கள், அத்தைமார்கள், அண்ணன் அண்ணி என்று பட்டியல் வளரும். இடம் பற்றாதபோது பார்ட்டி சொல்லும் வழி, எழுத்தைச் சிறிதாக்குவது. நான் சொல்லும் வழி, எல்லாப் பெயரும் ஒரே அளவில் இருப்பது. இடம் போதாவிட்டால் உள்தாள் ஒன்று கூடட்டும், பூ வேலைப்பாடு குறையட்டும். அத்தையின் பெயரை விட்டுவிட்டு மாமா பெயரோடு “குடும்பத்தார்” என்று முடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கப்போவது அந்த அத்தைதான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அப்பா இறந்துபோன வீடுகளில் அவர் பெயருக்கு முன்னால் “தெய்வத்திரு” என்று போடுவார்கள். உயிரோடு இருந்து பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய அம்மாவின் பெயர் சீட்டில் இருக்காது. பெரியப்பாவோ சித்தப்பாவோ அழைப்பதாக இருக்கும். “அம்மா பேரு என்னங்க?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கையில் வைத்தபடி இருப்பேன். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அநேகமாக மாப்பிள்ளைப் பையனோ கல்யாணப் பெண்ணோதான் பெயரைச் சொல்வார்கள். தங்கள் நல்வரவை விரும்பும் என்ற வரிக்குக் கீழே அந்தப் பெயரை முதலில் வைப்பேன். சம்பிரதாயம் என்று சொல்லி மறுப்பவர்களிடம், பெயர் போடுவதால் எந்தச் சடங்கும் மாறாது என்று எடுத்துச் சொல்வேன். கேட்டுக்கொள்கிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள்.

மணமக்கள் பெயரை எழுதும்போது பள்ளிச் சான்றிதழையோ ஆதாரையோ கையில் வாங்கிவிடுவேன். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 வந்த பிறகு எந்த மதத்தவர் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு வைக்கும் காகிதங்களில் பத்திரிகையும் ஒன்று. சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது இன்னொரு பெயர் என்றால், சான்றிதழ்ப் பெயருக்குப் பிறகு “என்கிற” போட்டு வீட்டுப் பெயரைச் சேர்க்கலாம். இனிஷியலில் ஒரே எழுத்து மாறினாலும் அலுவலக வாசலில் அலைய வேண்டிவரும்.

எடுத்துவிடச் சொல்பவை சிலவும் உண்டு. தலைப்பில் பிள்ளையார் சுழியும் குலதெய்வத்தின் பெயரும் போதும்; உள்ளும் புறமும் கவரிலும் சாமி படம் வேண்டாம். கல்யாணம் முடிந்த மறுவாரம் பத்திரிகை எங்கெல்லாம் கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர்கள் படம் போட்டே ஆக வேண்டும் என்றால் பின்பக்கம் போடலாம், மணமக்களுக்கு மேலே வேண்டாம். யாரோ எழுதிய கவிதையை விட, அழைப்பவரே சொல்வது போன்ற இரண்டு வரி நன்றாக இருக்கும். மொய் வாங்கப்போவதில்லை என்றால் அதை ஒரே வரியில், நேராக எழுதிவிட வேண்டும்.

தாளைத் தேர்ந்தெடுக்கும்போது மஞ்சளை நினைத்துக்கொள்ள வேண்டும். லேமினேஷன் செய்த பளபள கார்டில் நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் பிடிக்காது. காய்ந்ததும் உதிர்ந்து கவரெல்லாம் பொடியாகும். பூச்சு இல்லாத கனத்த தாளில் மஞ்சள் ஊறி நிற்கும்.

வாட்ஸ்அப்புக்கு அதே கார்டைப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். போன் திரையில் பாதி எழுத்து தெரியாது. அதற்கென்று தனியாக ஒரு பக்கம் செய்து தருகிறேன். மணமக்கள் பெயர், இரு வீட்டார் பெயர், நாள், நேரம், மண்டபம், வழி. அம்மாவின் பெயர் அதிலும் இருக்கும்.